செக்கோவின் முகம், காமெனின் பெயர்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செக்கோ வாத்தோவ் நகலெடுக்கும் கடைக்குள் நுழைந்தபோது, தன்னுடைய அஞ்சலித் தாளைத் தானே கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

பேக்கரிக் கதவிலிருந்து பிய்த்து எடுத்த தாள் அது. மூலைகளில் பசை இன்னும் காயவில்லை. கறுப்புக் கட்டம், மேலே சின்னதாகச் சிலுவை, நடுவில் அவருடைய முகம். தொப்பி, மீசை, இடது புருவத்து வெட்டுத் தழும்பு என்று ஒன்றுகூடக் குறையவில்லை. பெயர் மட்டும்தான் அவருடையது இல்லை. 'காமென் லீலோவ், எங்களைப் பிரிந்து நாற்பது நாட்கள்' என்று அச்சாகியிருந்தது.

கடையில் அப்போது நெதியால்கா சோலோவா மட்டும்தான் இருந்தாள். ஐம்பத்து மூன்று வயது. ஏழு வருடமாக அந்தக் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள். தாளைப் பார்த்தாள், எதிரே நின்ற முகத்தைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"இது யாரு பண்ணின வேலை?" என்றார் செக்கோ.

"நான் அச்சடிச்சதுதான் அண்ணே."

"பேக்கரிக்குள்ள காலை வச்சேன். மிலேனா என்னைப் பாத்ததும் தட்டைக் கீழ போட்டுட்டா. சூடான பனிட்சா ரொட்டி அத்தனையும் தரையில. என்னம்மா ஆச்சுன்னு கேட்டா, கதவைக் காட்டுறா. நான் செத்து நாப்பது நாளாச்சாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"உக்காருங்க அண்ணே. என்ன நடந்துச்சுன்னு பாக்குறேன்."

"உக்கார மாட்டேன். செத்தவன் உக்காந்திருக்கான்னு அதுக்கும் ஒரு தாள் ஒட்டுவீங்க."

நெதியால்கா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கணினியைத் திறந்தாள். இணையத்தில் படம் வாங்கும் அந்தப் படிவத்தை எழுதியது அவள். எழுத ஆரம்பித்ததிலிருந்து ஊரே சிரித்தது. இப்போது சிரிப்பவர்களுக்கெல்லாம் அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துபோயிற்று.

கோர்னி பிரெக் ஊரில் அஞ்சலித் தாள் இல்லாத கதவு கிடையாது. பஸ் நிறுத்தம், தபால் நிலையம், அடுக்குமாடி வாசல் எல்லாவற்றிலும் இறந்தவர்கள்தான் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இறந்த அன்று ஒரு தாள், நாற்பதாம் நாள் ஒன்று, அரை வருடத்துக்கு ஒன்று, பிறகு நினைக்க ஆள் இருக்கும்வரை வருடத்துக்கு ஒன்று. தன்யூப் ஆற்றங்கரையின் இந்த மூலையில் பிறக்கிறவர்கள் குறைவு, போகிறவர்கள் அதிகம். பிள்ளைகள் வெளிநாடு போய், வலென்சியாவில் கிழங்கு பொறுக்குகிறார்கள், டோர்ட்முண்டில் லாரி ஓட்டுகிறார்கள். அப்பாவின் படத்தை அங்கிருந்துதான் அனுப்ப வேண்டும்.

முன்பெல்லாம் கடை முதலாளி மெத்தோதியின் கைபேசிக்கு அனுப்புவார்கள். மெத்தோதியின் கைபேசி ஒரு குப்பைத்தொட்டி. அவர் பிடித்த மீன்களின் படமும் அதில்தான் கிடக்கும். ஒரு தடவை, பாவம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரின் கறுப்புக் கட்டத்துக்குள் பெரிய கெளுத்தி மீன் ஒன்று ஏறி அச்சுக்குப் போகப் பார்த்தது. கடைசி நிமிடத்தில் நெதியால்காதான் பார்த்து நிறுத்தினாள். அன்றைக்குத்தான் சொன்னாள், "இதுக்கு ஒரு படிவம் வேணும். பேரு, தேதி, படம், எல்லாத்தையும் அவங்களே போட்டு அனுப்பட்டும். நான் எழுதுறேன்."

"நீ?" என்றார் மெத்தோதி. "இருபத்திரண்டு வருஷம் ஸ்வெட்டர் பின்னின கை."

"ஸ்வெட்டர்ல ஒரு தையல் விட்டா அத்தனையும் பிரிஞ்சு போகும். அந்தப் பொறுமை உங்க கைக்கு இருக்கா?"

பின்னலாடைத் தொழிற்சாலையை ஒரு வெள்ளிக்கிழமை மூடிவிட்டு, திங்கட்கிழமை பூட்டைக் காட்டி அனுப்பியவர்களை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் அடுத்தவன் வடிவமைத்ததைப் பின்னியாயிற்று, இனி ஒன்றையாவது தானே வடிவமைக்க வேண்டும் என்று ஒரு வெறி அவளுக்குள் இருந்தது. அது மெத்தோதிக்குத் தெரியாது. தெரிந்தாலும் புரியாது.

ஊர் வாசகசாலையில் சனிக்கிழமை மதியம் இலவசக் கணினி வகுப்பு நடந்தது. பாடம் நடத்திய பெண் முதல் நாள், "நாம ஒரு கூட்டல் கழித்தல் கருவி எழுதலாம்" என்றாள்.

"எனக்குக் கூட்டத் தெரியும். படம் வாங்குற படிவம் வேணும்."

"அது பத்தாவது பாடம்."

"அப்ப பத்துல இருந்து ஆரம்பிங்க."

ஆரம்பித்தார்கள். அந்தப் பத்தாவது பாடம் அவளை எட்டு மாதம் படுத்தி எடுத்தது. முதலில் எழுதிய படிவத்தில் படத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் படத்தின் பெயர் மட்டும் வந்தது, படம் வரவில்லை. உறை வருகிறது, உள்ளே கடிதம் இல்லை. இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டபிறகுதான் தெரிந்தது. படிவத்தின் முதல் வரியிலேயே, எழுத்தோடு சேர்த்துக் கோப்புகளையும் சுமந்து வருகிறேன் என்று தனியாக ஒரு வார்த்தை எழுத வேண்டுமாம். எழுதாவிட்டால் அது பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கையை விரித்துவிடும். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு?" என்று திரையைப் பார்த்துத் திட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

அதைச் சரிசெய்தால் படம் வந்தது, வந்த வேகத்தில் காணாமல் போயிற்று. வருகிற படம் முதலில் சர்வரில் ஒரு தற்காலிக இடத்தில்தான் இறங்குமாம். அங்கிருந்து நாமே எடுத்து நம்முடைய ஃபோல்டரில் வைக்காவிட்டால், வேலை முடிந்ததும் துடைத்துப் போட்டுவிடும். சரி என்று எடுத்து வைத்தாள். அடுத்து, புதிய கைபேசிகளில் எடுத்த கனத்த படங்கள் வரவில்லை. சர்வர் இவ்வளவுக்குமேல் வாங்காது என்று ஓர் அளவு வைத்திருந்தது. அதைத் தாண்டினால் வாயைத் திறந்து சொல்லாமல் சும்மா இருந்துவிடும். மிலானில் இருக்கிற மகள் அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பாள், இங்கே ஒன்றும் இருக்காது. அளவைக் கூட்டினாள், வராவிட்டால் 'படம் வரவில்லை, மறுபடி அனுப்புங்கள்' என்று உரக்கச் சொல்ல வைத்தாள். பிறகு முகங்கள் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வந்தன. கைபேசி படத்தைச் சாய்த்தே எடுத்துவிட்டு, நிமிர்த்திக்கொள் என்று ஓரத்தில் ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைக்குமாம். அந்தக் குறிப்பைப் படித்து நிமிர்த்தவும் கற்றுக்கொண்டாள். ஏதென்சிலிருந்து ஒருவர், கடிதக் கோப்பின் பெயர் வாலை மாற்றிப் படம் என்று அனுப்பினார். வாலை மாற்றினால் பூனை நாயாகிவிடுமா? பெயரை நம்பாமல், கோப்பின் உள்ளே பார்த்து அது படம்தானா என்று சோதிக்கவும் எழுதினாள்.

எட்டு மாதம் முடிந்து படிவம் கடைக்கு வந்தது. அதற்குப் பிறகு இன்னொரு எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அஞ்சலித் தாள், கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் சுவரொட்டி, எல்லாவற்றுக்கும் படம் அதன் வழியாகத்தான் வந்தது. மெத்தோதி அதை 'என் படிவம்' என்று ஊரில் சொல்லிக்கொண்டார். நெதியால்கா அதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

செக்கோ தலைக்கு மேலே நின்றுகொண்டிருக்க, அவள் முந்தைய நாளின் ஃபோல்டரைத் திறந்தாள். திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குக் காமெனின் மகள் இலியானா வலென்சியாவிலிருந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். பன்னிரண்டே காலுக்கு டோர்ட்முண்டிலிருந்து செக்கோவின் மகன் ஒன்று அனுப்பியிருக்கிறான். வருகிற வாரம் செக்கோவுக்கு எழுபது வயது, அதற்கு ஒரு சுவரொட்டி. இரண்டு பேர், இரண்டு பதிவு. ஃபோல்டரில் ஒரே ஒரு படம். அதன் பெயர் 'தத்கோ'. அப்பா.

இலியானாவும் அப்பா என்று பெயர் வைத்திருக்கிறாள், செக்கோவின் மகனும் அப்பா என்று பெயர் வைத்திருக்கிறான். வேறு என்ன வைப்பார்கள்? தூர தேசத்தில் இருக்கிற பிள்ளை, பழைய படத்தைத் தேடி எடுத்துக் கணினியில் ஏற்றும்போது, அதற்கு அப்பாவின் முழுப் பெயரையா எழுதும்? அனுப்பியவர் வைத்த பெயரிலேயே படத்தைச் சேமிக்கும்படிதான் நெதியால்கா எழுதியிருந்தாள். இரண்டாவது அப்பா வந்ததும் முதல் அப்பாவை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். பெயரின் வாலை நம்பக் கூடாது என்று கற்றவள், பெயரை நம்பிவிட்டாள்.

பழைய பதிவுகளையும் புரட்டினாள். எட்டு மாதத்தில் பத்தொன்பது 'தத்கோ'. ஒவ்வொரு நாளைக்கும் புதிய ஃபோல்டர் திறக்கும் வழக்கம் இருந்ததால்தான் இத்தனை நாள் தப்பித்திருக்கிறாள். அவளுக்குக் காது வரை சுட்டது.

"அண்ணே, தப்பு என்மேல. உங்க பையன் அனுப்பின படம், காமென் அண்ணன் படத்து மேல ஏறிடுச்சு. அச்சடிக்கும்போது நானும் முகத்தைப் பாக்கல."

"காமெனோட படம் எங்க?"

"அழிஞ்சு போச்சு."

செக்கோ தாளைத் தூக்கி அந்தப் பெயரைப் பார்த்தார். "அப்ப அவன் ரெண்டு தடவை செத்திருக்கான்" என்றார். தாளை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். அந்த வார்த்தை அவளை அறைந்தது மாதிரி இருந்தது.

அரை மணி நேரத்தில் மெத்தோதி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். காலையில் முப்பது தாளையும் ஊர் முழுக்க ஒட்டியது அவர்தான். செய்தி அவரைத் தேடிப் பிடித்துவிட்டது.

"படிவத்தை எடுத்துடு. இப்பவே."

"எடுக்க மாட்டேன்."

"என்ன சொன்ன?"

"தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுவேன். அதுவரைக்கும் மூடி வைக்கிறேன். எடுக்க மாட்டேன்."

"ஊரே வாயில போட்டு மெல்லுது, நெதியால்கா. விதின் டவுன்ல ஒருத்தர் இருக்காரு, முறையாப் படிச்சவரு. வியாழக்கிழமை வரச் சொல்லிட்டேன். இனிமே அவரு பாத்துப்பாரு. நீ பழையபடி நகல் எடு, ஸ்டேப்ளர் அடி. உன்னை வேலையை விட்டு அனுப்பலையே, அதுவரைக்கும் சந்தோஷப்படு."

"நீங்க முப்பது தாள் ஒட்டினீங்க. ஒரு முகத்தையாவது பாத்தீங்களா?"

மெத்தோதிக்கு முகம் சிவந்துவிட்டது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வரும் வழியிலேயே காரில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம். நிர்வாகம்.'

"இதை முப்பது அடிச்சு வை. பழசுக்கு மேல ஒட்டிடலாம். யாரு பேரும் வராது. உனக்கும் நல்லது."

"எந்தக் கோளாறு? எந்த நிர்வாகம்? இங்க இருக்கறது நீங்களும் நானும்."

"ஏய், உன்னைக் காப்பாத்தத்தான் சொல்றேன்."

"காப்பாத்த வேண்டாம். அந்தத் தாளை நான் அச்சடிக்க மாட்டேன். தப்பு மெஷினோடதுன்னா படிவமும் மெஷினோடது ஆயிடும். அது என்னோடது."

மெத்தோதி கதவை அறைந்துவிட்டுப் போனார். வேலை போனால் இந்த ஊரில் இன்னொரு வேலை கிடையாது, அது நெதியால்காவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் படிவத்தைக் கையைவிட்டுக் கொடுத்துவிட்டு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அதைவிட வயிறு எரிந்தது. படிவத்தின் வாசலில் ஒரு வரி எழுதிப் போட்டாள். 'இன்று படம் அனுப்பாதீர்கள். ஒரு தவறு நடந்துவிட்டது, திருத்திக்கொண்டிருக்கிறேன். நெதியால்கா.'

பிறகு வலென்சியாவுக்குத் தொலைபேசினாள்.

"நீங்க யாரு? கம்பெனியா?" என்றாள் இலியானா.

"கம்பெனி இல்லம்மா. படிவத்தை எழுதினவ நான்தான். உங்க அப்பா படத்தை அழிச்சதும் நான்தான்."

இலியானா அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். திட்டிக்கொண்டே, விமானச் சீட்டு கிடைக்காமல் நாற்பதாம் நாளுக்கு வர முடியவில்லை, ஊர்க் கதவுகளில் அப்பா முகம் இருக்கும் என்று மட்டும்தான் ஆறுதலாக இருந்தேன் என்றாள். நல்லவேளை, படம் இலியானாவின் கணினியில் இருந்தது. மறுபடி அனுப்பினாள். நெதியால்கா புதிய தாளை அமைத்து, அச்சடிப்பதற்கு முன் அவளுக்கே அனுப்பி, "இது உங்க அப்பாதானா, பாத்துச் சொல்லுங்க" என்றாள். அப்பாதான் என்று பதில் வந்தபிறகுதான் பொத்தானை அழுத்தினாள்.

புதிய தாள்களை எடுத்துக்கொண்டு காமெனின் வீட்டுக்கு நடந்தாள். அடுக்குமாடியின் நாலாவது தளம். காமெனின் மனைவி சொன்கா கதவைத் திறந்தாள். சமையலறை மேசையில் செக்கோவின் முகம் இரண்டாகக் கிழிந்து கிடந்தது.

"நாப்பத்தொரு வருஷம் ஒரு ஆளுக்குச் சாக்ஸ் துவைச்சேன்" என்றாள் சொன்கா. "ஒரே காலையில என்னை அந்த மீசைக்காரனுக்குக் கட்டி வச்சிட்டீங்க."

நெதியால்கா நின்றபடியே இருந்தாள்.

"உன் மொதலாளி வந்துட்டுப் போனான். பூசி மெழுகிட்டுப் போனான். தொழில்நுட்பக் கோளாறாம். மெஷின் பண்ணிடுச்சாம். நான் யாரைத் திட்டுறது? மெஷின்கிட்டப் போயி நின்னுக்கிட்டுத் திட்டவா? மனுஷன் செத்து நாப்பது நாளாச்சு, ஆத்திரம் தீரத் திட்டுறதுக்கு ஒரு ஆள் கிடைக்கல எனக்கு. டாக்டர் விதிங்கிறான், பாதிரியார் கடவுள்ங்கிறான், இவன் மெஷின்ங்கிறான்."

"என்னைத் திட்டுங்கக்கா. மெஷின் இல்ல. நான்தான் பண்ணினேன். ரெண்டு பேரு ஒரே பேருல படம் அனுப்புவாங்கன்னு எனக்குத் தோணலை. தோணியிருக்கணும்."

சொன்கா திட்டினாள். பத்து நிமிடம் திட்டினாள், நெதியால்காவின் கண்ணாடியிலிருந்து அவள் பிறந்த கிராமம் வரைக்கும் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. திட்டி முடித்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். புதிய தாளை வாங்கிக் கணவனின் முகத்தைப் பார்த்தாள். விரலால் தொட்டாள்.

"காது இவ்வளவு பெரிசா இருந்திருக்கு" என்றாள். "பக்கத்துல இருந்தப்ப தெரியல."

காபி போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள்.

நெதியால்கா கடைக்குத் திரும்பியபோது மணி இரண்டு. உட்கார்ந்து நிரலைத் திருத்தினாள். இனிமேல் அனுப்புகிறவர் எந்தப் பெயர் வைத்தாலும் சரி, படம் உள்ளே வந்ததும் படிவம் தானே ஒரு எண்ணைக் கொடுக்கும். அந்த எண் வேறு எந்தப் படத்துக்கும் வராது. பிள்ளைகள் வைத்த பெயர் பக்கத்தில் ஒரு குறிப்பாக மட்டும் இருக்கும். இன்னொன்றையும் சேர்த்தாள். தாள் முழுதாக அமைந்ததும், பெயரும் முகமும் சேர்ந்து அனுப்பியவருக்கே திரையில் தெரியும். 'இது உங்கள் ஆள்தானா?' என்று கேட்கும். ஆம் என்று சொல்லாமல் ஒரு தாளும் அச்சுக்குப் போகாது. பிறகு வேண்டுமென்றே ஒரே பெயரில் பத்துப் படம் ஏற்றிப் பார்த்தாள். பத்தும் பத்து இடத்தில் போய் உட்கார்ந்தன. இந்தச் சோதனையை எட்டு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டும் என்று தன்னையே இரண்டு வார்த்தை திட்டிக்கொண்டாள்.

வெயில் இறங்குவதற்குள் இன்னொரு தாளை எழுதினாள். மெத்தோதி எழுதியதை அல்ல.

'செவ்வாய்க்கிழமை ஒட்டிய தாளில் காமென் லீலோவின் பெயரோடு செக்கோ வாத்தோவின் படம் வந்துவிட்டது. செக்கோ வாத்தோவ் நலமாக இருக்கிறார். படங்களை வாங்கும் படிவத்தை எழுதியது நான். ஒரே பெயரில் இரண்டு படம் வந்தால் முதல் படம் அழிந்துபோகும்படி எழுதியிருந்தேன். அது என் தவறு. இப்போது திருத்திவிட்டேன். திட்ட விரும்புகிறவர்கள் நகலெடுக்கும் கடைக்கு வரலாம். நெதியால்கா சோலோவா, புரோகிராமர்.'

கடைசி வார்த்தையில் அவள் விரல் நின்றது. அதற்கு முன் அந்தச் சொல்லைத் தன் பெயருக்குப் பக்கத்தில் அவள் எழுதியதில்லை. வாசகசாலைச் சான்றிதழில்கூட 'பங்கேற்றார்' என்றுதான் போட்டிருந்தார்கள். அழித்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். எதற்கு அழிக்க வேண்டும்? தவறு செய்வதற்கு மட்டும் புரோகிராமர், பெயர் போடும்போது ஸ்டேப்ளர் அடிக்கிறவளா? அச்சடித்தாள். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு முப்பது இடத்துக்கும் தானே போனாள். தவறான தாளைக் கிழித்து, காமெனின் சரியான தாளை ஒட்டி, அதன் பக்கத்தில் தன்னுடையதையும் ஒட்டினாள். பேக்கரி வாசலில் மிலேனா வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு படித்தாள்.

"என் பனிட்சாவை யாரு தருவா?"

"அதையும் எழுதிக்க. காசு தரேன்."

புதன்கிழமை கடைக்கு எட்டுப் பேர் வந்தார்கள். நாலு பேர் திட்டினார்கள். இரண்டு பேர் சும்மா முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். ஒருவர் தன் கைபேசி சூடாகிறது, பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஒரு விதவை, போன இலையுதிர் காலத்தில் ஒட்டிய தாளில் இருந்தது தன் கணவன் முகம்தானே என்று சந்தேகத்தோடு கேட்டாள். நெதியால்கா பழைய பதிவைத் தேடி எடுத்துத் திரையில் காட்டினாள். "இவன்தான், இந்தக் கழுதைதான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் நிம்மதியாகப் போனாள்.

மெத்தோதி மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம், "புரோகிராமராம்" என்றார்.

"படிவத்தை யாரு எழுதினா? நீங்களா?"

"ஊரு முழுக்க உன் பேரை நீயே நாறடிச்சிட்ட. நாளைக்கு அவரு வராரு. உக்காந்து எல்லாத்தையும் அவருகிட்ட ஒப்படைச்சிடு. இதுக்குமேல பேச்சு கிடையாது."

"ஒப்படைக்கச் சொன்னா ஒப்படைக்கிறேன், கடை உங்களோடது. ஆனா நான் மனசார ஒப்படைச்சதா நினைச்சுக்காதீங்க. ஸ்டேப்ளரும் அடிக்க மாட்டேன். நீங்களே அடிச்சுக்கங்க."

வியாழக்கிழமை பத்து மணி பஸ்ஸில் விதின்காரர் வந்தார். முப்பது வயது இருக்கும், மரியாதையான ஆள். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நெதியால்காவின் நிரலை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தானே இருக்கு" என்றார். மெத்தோதிக்கு அது பிடிக்கவில்லை. "நீங்க உங்களோடதையே போட்டுடுங்க" என்றார். "எங்க ஆபீஸ்லதான் எல்லாம் இருக்கும். ஏதாவது பிரச்சினைன்னா ஒரு எண்ணுக்குப் போன் பண்ணணும், யாராவது எடுப்பாங்க" என்றார் விதின்காரர். நெதியால்கா தன் மேசை இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்தாள். அழக் கூடாது, இவர்கள் முன்னால் அழவே கூடாது என்று ஒவ்வொரு பேனாவாக எடுத்து மிக மெதுவாகப் பைக்குள் போட்டாள்.

அப்போது செக்கோ வாத்தோவ் உள்ளே வந்தார். புதிதாகச் சவரம் செய்த முகம், கோட்டு, கையில் ஒரு உறை.

"ஒரு அஞ்சலித் தாள் எழுதி வைக்கணும்" என்றார்.

மெத்தோதி எழுந்து நின்றார். "அடடா. யாரு காலமானது அண்ணே?"

"நான்தான். தேதியை மட்டும் காலியா விடு."

மெத்தோதி விதின்காரரைப் பார்த்தார், விதின்காரர் மெத்தோதியைப் பார்த்தார்.

"என்ன முழிக்கிறீங்க? என் பொண்டாட்டி கல்லறைக் கல்லுலயே என் பேரும் படமும் ஆறு வருஷமா செதுக்கிக் கிடக்கு, தேதி மட்டும்தான் பாக்கி. தாளும் தயாரா இருக்கட்டும். பையன் டோர்ட்முண்டுல இருந்து அவசரத்துல என்ன அனுப்புவானோ." உறையை நெதியால்காவிடம் நீட்டினார். "நீதான் எழுதணும்."

"இனிமே இவருதான் அண்ணே பாத்துப்பாரு" என்று மெத்தோதி விதின்காரரைக் காட்டினார். "முறையாப் படிச்சவரு."

செக்கோ விதின்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல பையனாத்தான் தெரியுறான். தப்பு வந்தா உன் பேரைக் கதவுல ஒட்டுவியா தம்பி?"

விதின்காரர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "கம்பெனி பேருதான் வரும் ஐயா" என்றார்.

"அதான். இந்தத் தடவை என் படம் தப்பா வந்துச்சு, காலையிலேயே வந்து சண்டை போட்டேன். அடுத்த தடவை தப்பா வந்தா நான் வந்து சண்டை போட முடியாது பாரு. அதனால கையெழுத்துப் போடுற ஆளுகிட்டதான் குடுப்பேன். சொன்காவும் அதைத்தான் சொல்றா. மெத்தோதி, உனக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லு. இவ எந்தக் கடையில உக்காருறாளோ அந்தக் கடைக்குப் போறேன்."

மெத்தோதி விதின்காரரிடம் திரும்பி, "ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க. பன்னெண்டு மணிக்குத் திரும்பற பஸ் இருக்கு" என்றார். விதின்காரர் தன் கணினியை மூடினார். அவருக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

நெதியால்கா பையைக் கீழே வைத்தாள். பேனாக்களை எடுத்துத் திரும்ப இழுப்பறைக்குள் போடவில்லை, அதற்கு நேரம் இல்லை. உறையிலிருந்த படத்தை ஸ்கேன் செய்து, படிவத்தில் ஏற்றினாள். பெயரைத் தட்டினாள், பிறந்த வருடத்தைக் கேட்டுப் போட்டாள், அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டாள். திரையில் கறுப்புக் கட்டத்துக்குள் செக்கோவின் முகமும் செக்கோவின் பெயரும் சேர்ந்து வந்தன. கீழே அந்தக் கேள்வி வந்தது.

"இதை நான் அழுத்த மாட்டேன்" என்றாள். "நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

செக்கோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தன் முகத்தை நிதானமாகப் பார்த்தார். பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"நான்தான்" என்று சொல்லி, தன் விரலாலேயே அழுத்தினார்.